சுற்றுச்சூழல் படிப்பும் நம் பிள்ளைகளும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் நாம் பேசுவது ஐ.டி.ஐ., டிப்ளமா, நர்சிங், பி.காம்., ரயில்வே தேர்வு. இந்த ஆண்டும் அவை உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு தோழர்கள் ஒவ்வொன்றாக விளக்குவார்கள். காலை நேரத்தில் வேறொரு படிப்பைப் பற்றிப் பேசுவது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். சுற்றுச்சூழல், இயற்கை வள மேலாண்மை என்று பல்கலைக்கழகங்களில் சொல்லித் தருகிறார்களே, அந்தப் படிப்பு.

சுவரொட்டி ஒட்டிய அன்றே கேள்வி வந்துவிட்டது. குழாயடியில் ஒரு அம்மா எங்களை நிறுத்திக் கேட்டார்: "ஏ தம்பி, மரம் நடுததுக்கா பிள்ளையக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லுதிய?"

நியாயமான கேள்வி. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டி அனுப்புகிற அம்மா அவர். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த இட்லிப் பானையிலிருந்து வருகிறது. அந்தக் காசுக்கு என்ன பலன் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அவருக்குச் சொல்லும் பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். 1985 ஜூலை 10-ல் உச்சநீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள். அதன் மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர், நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையற்றுப்போய் 1961-ல் பம்பாய்க்கு வந்தவர் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. இங்கே ஒரு இரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட நடைபாதைக் குடிசைக்காக அவரிடம் ஒரு தாதா பறித்த தொகை 2,500 ரூபாய். 1981 ஜூலை 23-ல் குடிசையைப் பிரித்தெறிந்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்பிள்ளைகளும் ஊரில் தங்கினார்கள். அவர் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே வந்தார். மறுபடியும் நடைபாதைதான்.

பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்புச் சொன்னது. நல்லது. ஆனால் நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புத்தான் சொன்னது. சட்டம் படிக்கிறவர்கள் இதை இரண்டு பக்கமும் வைத்து விவாதிப்பார்கள். நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. அந்த மனிதரைச் சேலத்திலிருந்து கிளப்பியது எது?

மழை பொய்த்தது என்பீர்கள். மழை யார் கையிலும் இல்லை, உண்மை. ஆனால் ஏரி தூர்ந்து கிடப்பதும், வரத்துக் கால்வாயை ஆக்கிரமிப்பதும், பணமுள்ளவன் ஆழமாகத் தோண்டி மோட்டார் வைத்து இறைக்க, பக்கத்துக் காட்டுக் கிணறு வற்றிப்போவதும் மனிதர் செய்கிற காரியங்கள். எந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர், யாருக்கு முதலில், யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிற பெயர்தான் இயற்கை வள மேலாண்மை. நம்மில் பாதிப் பேர் இந்த ஊருக்கு வந்ததே அந்த மேலாண்மை கெட்டதனால். ஆகவே இது நமக்குப் புதிய பாடம் அல்ல. பெயர்தான் புதிது.

இந்த நகரத்தில் "சுற்றுச்சூழல்" என்ற சொல் நம்மிடம் எப்படி வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. புல்டோசரில் ஏறி வந்தது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் குடிசைகளை அகற்ற 1997-ல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். பூங்காவுக்குள்தான் விஹார், துளசி ஏரிகள் இருக்கின்றன. விஹார் 1860-லும் துளசி 1879-லும் கட்டி முடித்தவை. இன்றும் நகரத்துக்குக் குடிநீர் தருகின்றன. ஆகவே அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காட்டை ஒட்டி எழும்பிய பங்களாக்களையும் அடுக்குமாடிகளையும் பார்த்து யாருக்கும் அந்த வேகம் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் நம் மேடைகளில் நாமும் ஒரு வாசகம் பேசினோம்: சுற்றுச்சூழல் என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. நாங்களும் பேசியிருக்கிறோம். கைதட்டலும் கிடைத்தது.

பிறகு 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்த இரவைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பரணில் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்துக்கொண்டு, அடுப்பும் அரிசி டப்பாவும் மிதப்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். மித்தி ஆறு பொங்கிற்று என்றார்கள். மித்தி ஆறா, அது சாக்கடையல்லவா என்று நம் பிள்ளைகள் கேட்டார்கள். விஹார், பொவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்துகொண்டு சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடலில் கலக்கிற ஆறு அது. விமான நிலையத்துக்காக அதன் போக்கை வளைத்தார்கள். ஆற்றுவாயில் வெள்ளம் பரவித் தேங்க இடம் தந்த சதுப்பு நிலத்தையும் அலையாத்திக் காட்டையும் மேடாக்கித்தான் பாந்த்ரா குர்லா வளாகம் எழும்பியது. ஏழைகள் குடிசை போட்டு ஆற்றை அடைத்தார்கள் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. கரையில் குடிசைகள் இருந்தன, மறுக்கவில்லை. கண்ணாடி மாளிகைகள் எழும்பியது எதன்மேல் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

அன்றைக்கு நம்மிடம் ஆத்திரம் இருந்தது. வரைபடம் இல்லை. எந்த ஆண்டில் சதுப்பு எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று, ஆற்றின் அகலம் எங்கே எத்தனை மீட்டர் குறைந்தது என்று எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவரும் இல்லை. வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிய படிப்பு அது.

அளந்து சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு மாகுல் சாட்சி. தான்சா ஏரியிலிருந்து நகரத்துக்கு வரும் பெருங்குழாய்களின் ஓரம் குடியிருந்தவர்களை நீதிமன்ற ஆணையின்படி அகற்றி, செம்பூரை அடுத்த மாகுலில் கட்டிய குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயன ஆலைகளும். அங்குள்ள பழைய கிராமத்தார் தொடுத்த வழக்கில், காற்றின் நிலையால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஆட்களை அங்கே அனுப்பினார்கள் என்பதுதான் கொடுமை. போனவர்களுக்கு இருமல், மூச்சுத்திணறல், தோல் நோய். வித்யாவிஹார் நடைபாதையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் 2019 செப்டம்பரில் உயர்நீதிமன்றம், யாரையும் மாகுலுக்குப் போகக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு தர முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் கொடு என்று சொன்னது.

நடைபாதையில் உட்காராவிட்டால் அந்த வழக்கு நின்றிருக்காது. அதே நேரத்தில், எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களை யாரோ கருவி வைத்து அளந்து எண்களாக எழுதிவைத்திருக்காவிட்டால், "எங்களுக்கு மூச்சு முட்டுகிறது" என்ற வார்த்தையை எந்த நீதிமன்றம் எடுத்துக்கொண்டிருக்கும்? குடிசைக்காரன் எதற்கும் இப்படித்தான் சொல்வான் என்று தள்ளிவிட்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. நம் தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக் குடும்பங்கள் பல. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் உறவு உள்ளவர்களும் இங்கே இருக்கிறீர்கள். வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புத் தந்தது. மாசுபடுத்துகிறவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி சொன்ன தீர்ப்பு அது. அதில் வரும் இரண்டு எண்களைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்பது ஒன்று. அதைக் கண்டறிந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்பது இன்னொன்று. அதைச் செய்தது ஒரு தொண்டு அமைப்பு. கிணறு கிணறாக நடந்து போய் எண்ணியிருக்கிறார்கள். எண்ணுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. எதை எண்ணுவது, எப்படி எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதற்குப் படிப்பு வேண்டும்.

இப்போது நம் சங்கத்து அனுபவம் ஒன்று. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கழிமுகத்தை ஒட்டிய நம் குடியிருப்பு ஒன்றில் 23 வீடுகளுக்கு நோட்டீஸ் வந்தது. அலையாத்திக் காட்டின் ஓரத்திலிருந்து 50 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்பது விதி. இந்த 23 வீடுகளும் அதற்குள் வருகின்றன, காலி செய்க என்று நோட்டீஸ். கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரைபடம். சங்கத்து நிர்வாகிகள் நாங்கள் அதை மேசைமேல் விரித்துவைத்துத் தலைகீழாகவும் பார்த்தோம், நேராகவும் பார்த்தோம். ஒன்றும் விளங்கவில்லை. மறியல் செய்வது என்று தீர்மானம் போட்டோம்.

அந்தத் தெருவிலேயே ஒரு பெண்பிள்ளை எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "மாமா, அந்த மேப்பைக் கொஞ்சம் தாங்களேன்" என்றாள். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தாள். கையில் நாடாவோடு, நீர் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி அளந்தாள். வரைபடத்தில் கோடு தொடங்கிய இடத்தில் இருந்தது அலையாத்தியே இல்லை. சாக்கடையோரத்துக் கோரை. உண்மையான அலையாத்தி அதற்கும் அப்பால் இருந்தது. அங்கிருந்து அளந்தால் 14 வீடுகள் 50 மீட்டருக்கு வெளியே.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. "மீதி ஒன்பது வீடு உள்ளேதான் வருது" என்றாள். அந்த ஒன்பதில் ஒன்று அவளுடைய பெரியம்மா வீடு.

அப்புறம் நடந்ததுதான் கூச்சம். 23-ம் வெளியே என்றே எழுதிக்கொடு, யார் சேற்றில் இறங்கிப் பார்க்கப்போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். படிக்கவைத்தது இதற்குத்தானா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். நிர்வாகிகள் நாங்களும் முதலில் அவர்கள் பக்கம்தான் பேசினோம். அந்தப் பிள்ளை அழுதாள், ஆனால் மாற்றி எழுதவில்லை. "ஒண்ணு பொய்யின்னு அவங்க பிடிச்சா இருபத்துமூணும் போயிரும் மாமா" என்றாள். அவள் எழுதியபடியே மனு போயிற்று. மறு அளவை நடந்தது. 14 வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒன்பது வீட்டாருக்கும் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருக்கிற ஆதாரங்களைத் திரட்டி மாற்று வீடு கேட்டோம். ஆறு குடும்பத்துக்குக் கிடைத்தது. மூன்று குடும்பம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது. பெரியம்மா குடும்பம் அந்த மூன்றில் ஒன்று. அக்காள் தங்கை வீட்டுக்குள் பேச்சுவார்த்தை திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று.

குழாயடியில் கேட்ட அம்மாவுக்கு எங்கள் முதல் பதில் இது. மரம் நடுவதற்கு அல்ல, கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்கு.

சரி, அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள்? மண், நீர், காற்று ஆகியவற்றின் வேதியியல், செடிகொடி உயிரினங்களின் தொடர்பு, புள்ளிவிவரம், செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் செய்தல், சட்டம், கொஞ்சம் பொருளாதாரம். ஒரு சின்ன எடுத்துக்காட்டு. தண்ணீரில் அழுகும் கழிவு எவ்வளவு என்று அறிய, மாதிரியை எடுத்துப் புட்டியில் அடைத்து 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைக்கிறார்கள். அதற்குள் கிருமிகள் எவ்வளவு பிராணவாயுவைத் தின்றன என்று கணக்கிடுகிறார்கள். குளிக்கத் தகுந்த நீர் என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மித்தி நீர் இதைப் பல மடங்கு தாண்டுகிறது. நாற்றம் அடிக்கிறது என்று நாம் சொல்வதை அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. பழைய தோல் தொழிலாளிகளைக் கேளுங்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் ஓடிய கழிவுநீரின் நிறம் வேறு, குரோமியம் வந்தபின் தோலே நீலம் பாய்ந்து வந்தபோது ஓடிய நீர் வேறு என்பார்கள். பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிற பெண்கள் ஒரு துண்டைக் கொளுத்தி, புகையை மோந்து, இது இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று இந்தப் படிப்பைப் படித்தால், முதலில் அதைத்தான் அளக்கும் என்று நம்புகிறோம்.

இந்தப் பாடம் கல்லூரிகளுக்கு வந்ததும் தானாக வந்ததல்ல. 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் புலம் தொடங்கியது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகுதான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்சநீதிமன்றம் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை வகுப்புகளுக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. பி.காம். படிக்கும் நம் பிள்ளைகள்கூட அதைப் படித்திருப்பார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் கைடு வாங்கி மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நடத்துவதும் அந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

எங்கே படிப்பது? முதுகலைக்கு டெல்லி ஜே.என்.யூ. இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் மேலாண்மையில் எம்.எஸ்சி. உண்டு. போபாலில் 1982-ல் தொடங்கிய இந்திய வன மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, ஆனால் கட்டணம் நம் கைக்கு எட்டாது, கடன் வாங்காமல் முடியாது. நம் மும்பையிலேயே தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இந்தத் துறையில் முதுகலைப் படிப்புகள் நடத்தி வந்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கு, 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஜே.என்.யூ. போன்ற இடங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வு உண்டு. விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

இளங்கலையில் எதை எடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் ஆகியவை இருக்கின்றன. வேளாண்மை, வனவியல், கால்நடை மருத்துவம், பொறியியல் ஆகியவையும் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! விந்தைதான். ஆகவே பி.எஸ்சி.யில் தாவரவியலோ வேதியியலோ எடுத்துக்கொண்டு, முதுகலையில் சுற்றுச்சூழலுக்குப் போவது நல்லது. இரண்டு கதவும் திறந்திருக்கும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதில் நம் பிள்ளைகள் வருடாவருடம் அடிபடுகிறார்கள். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப்பட்டியல். ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர், போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-லும், மகாராஷ்டிரத்தைப் பற்றிய வழக்கிலேயே 1994-லும் சொல்லிவிட்டது. தீண்டாமை மட்டும் ரயிலேறிக் கூடவே வரும், சலுகை தாதர் ஸ்டேஷனில் இறங்காது! அது நியாயமா என்பது வேறு போராட்டம். இன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது: மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் மத்திய அரசு நிறுவனங்களிலும் சொந்த மாநிலத்துச் சான்று செல்லும். தகப்பனாரின் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து, குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இங்குள்ள அதிகாரி அதற்குரிய படிவத்தில் சான்று தரவும் மத்திய அரசின் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே மாநிலக் கல்லூரியில் மூடிய கதவு மத்தியப் பல்கலைக்கழகத்தில் திறக்கும். தகப்பனாரின் சான்று ஊரில் பெட்டியில் கிடக்கிறது என்றால், இந்த விடுமுறைக்குப் போகிறவரிடம் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம். நர்சிங் முடித்தவுடன் வேலை கிடைப்பதுபோல் இதில் கிடைக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் இடங்கள் குறைவு, காலியிடம் நிரப்பவும் வருடக்கணக்காகும். நெட் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வழி உண்டு. ஆலைகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. தொண்டு நிறுவனங்களில் சம்பளம் சுமார்தான். அதிகம் வேலை இருப்பது ஆலோசனைக் கம்பெனிகளில். ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கை எழுதும் கம்பெனிகள் அவை. அந்த அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் யார்? திட்டம் போடுகிற முதலாளிதான். கல்யாணத் தரகர் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல்தான் அந்த அறிக்கைகள் பெரும்பாலும் இருக்கும். நம் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போவார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போகிறவர்களைத் துரோகி என்று பேசக்கூடாது என்று நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் எதை ஒளிப்பார்கள் என்பது தெரியும்.

இவ்வளவு அவசரமாக இதை ஏன் பேசுகிறோம் என்றால், தாராவி மறுசீரமைப்பு வாசலுக்கு வந்துவிட்டது. தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறவர்களை வேறிடம் அனுப்ப நிலங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். கிழக்குப் புறநகரின் உப்பள நிலங்கள் அதில் உண்டு. 2024-ல் தேவனார் குப்பைமேட்டிலிருந்து 124 ஏக்கரையும் ஒதுக்கினார்கள். 1927-லிருந்து இந்த நகரம் குப்பை கொட்டிய மேடு அது. 2016 ஜனவரியில் பற்றி எரிந்தபோது அந்தப் புகை விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் தெரிந்தது. அங்கே குவிந்திருக்கும் சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற 2025-ல் மாநகராட்சி ஒப்பந்தம் கோரியது.

குப்பையை அள்ளிவிட்டால் நிலம் சுத்தமாகிவிடுமா? குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. கொட்டுவதை நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் வந்துகொண்டிருக்கும். தீப்பிடிக்கும் வாயு அது. மழைநீர் குப்பைக்குள் இறங்கி, ஈயம் முதலான உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்புக் கஷாயமாக அடியில் இறங்குகிறது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் இறங்கியது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? மேலே அள்ளினால் கீழே உள்ள மண் என்ன கதி? அந்த மண்ணில் கட்டடம் உட்காருமா, சாயுமா? எத்தனை இடத்தில் துளையிட்டு மண் எடுத்தார்கள், எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்? இவற்றைக் கேட்டுத் தெளியாமல் ஒரு குடும்பம்கூட அங்கே போகக்கூடாது என்பது நம் சங்கத்தின் நிலை.

எங்கே கேட்பது? ஆலை, சுரங்கம் போன்றவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் அதே அறிவிக்கை விலக்குக் கொடுத்துவிட்டது. அதாவது, மேடையும் மைக்கும் போட்டு நம்மை யாரும் கூப்பிடப்போவதில்லை. கோப்பு ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில், சில நூறு பக்கம், அட்டவணைகளோடு. அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிவிடலாம், வழி நமக்குத் தெரியும். வாங்கி வந்து மேசைமேல் விரித்து மறுபடி தலைகீழாகவும் நேராகவும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

ஆகவே செயற்குழு எடுத்த முடிவுகளைச் சொல்லி முடிக்கிறோம். இந்த ஆண்டு முதுகலையில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் சங்கத்துக் குடும்பப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு விண்ணப்பக் கட்டணமும், தேர்வு எழுதப் போய்வரும் ரயில் செலவும் சங்கம் தரும். இரண்டில் ஒன்று பெண்பிள்ளைக்கு. ஞாயிறு மாலைகளில் நம் வாசகசாலையில் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கப்போகிறோம். வரைபடத்தைத் திருப்பி வைத்துக் காட்டிய அந்தப் பிள்ளைதான் நடத்தித் தருகிறாள். அவள் இப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கும் ஓய்வு, ஆகவே ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். பழைய தோல் தொழிலாளிகள் இருவரையும், பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பெண்கள் சிலரையும் வந்து பேசக் கேட்டிருக்கிறோம். வருகிறவர்கள் ஒரு நோட்டும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், தகப்பனாரின் சாதிச் சான்று இருந்தால் அதன் நகலும் கொண்டுவர வேண்டும். இட்லிக்கார அம்மா மகளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மாவு ஆட்டி முடித்த பிறகுதான் வருவாளாம். அவளுக்கு மட்டும் ஆறரை.